ஷாட் மீனுக்கு வலிக்குமா? தூண்டில் போடுகிறவர்கள் மனம் திறந்து பேசுங்கள்

லகூன்_கரை | ஆகஸ்ட் 9, இரவு 9:12

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் இருக்கிறேன். உம்கேனி ஆறு கடலில் சேர்கிற புளூ லகூனில் ஷாட், காரிக் மாதிரிக் கடல் மீன்களுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தூண்டில் போடுகிறேன். இரை, காற்று, அலை பற்றித்தான் இங்கே இதுவரை எழுதியிருக்கிறேன். இன்று மனசு சரியில்லாமல் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை ஒரு போட்டி நடந்தது. மீனைப் பிடித்து, பாயில் கிடத்தி அளந்து, படம் எடுத்து, உயிரோடு விட்டுவிட வேண்டும். மூன்று வருடமாக இந்த மாதிரிப் போட்டிகளுக்குத்தான் போகிறேன். கொல்லாமலே மீன்பிடிக்கலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மதியம் ஒரு காரிக் மாட்டியது. இருபது நிமிடத்துக்கு மேல் போராடியது. கரைக்குக் கொண்டுவந்தபோதே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. காற்றில் பாய் புரண்டது, மறுபடி விரித்தோம். முதல் படம் மங்கலாக இருக்கிறது என்று இன்னொன்று எடுத்தார்கள். அதுவரை நான் மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. தண்ணீரில் விட்டதும் வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு இறங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

கால்மணி நேரம் கழித்து அதே மீன் நாற்பது அடி தள்ளி வயிறு மேலாக மிதந்தது. எனக்கு இரண்டாம் பரிசு.

மீன் ரத்தம் குளிர்ந்த ரத்தம், அதற்கு வலி தெரியாது என்று என் மாமா சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார். அதை நம்பித்தான் இத்தனை வருடம் முள் கோர்த்தேன். அது உண்மையா? இல்லை என்றால், தின்பதற்காகப் பிடித்துக் கொல்வது, விளையாட்டுக்காகப் பிடித்து விடுவது, இரண்டில் எது பெரிய பாவம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வலைவீட்டுப்_பேரன் | ஆகஸ்ட் 9, இரவு 10:03

அண்ணா, மனசை வருத்திக்காதீங்க. மீன் பிடிக்கிறது நம்ம குடும்பத் தொழில். வலிக்குமா வலிக்காதான்னு யோசிச்சிருந்தா எங்க தாத்தா எட்டுப் பிள்ளைகளை வளர்த்திருக்க முடியாது. ஆனா போட்டின்னு சொல்லி மீனைத் தூக்கிப் பிடிச்சுப் படம் எடுக்கிறது எனக்கு எப்பவுமே பிடிக்காது. எங்க வீட்டுல சோத்தோட விளையாடாதேன்னு சொல்லுவாங்க.

தூத்துக்குடி_மாணவி | ஆகஸ்ட் 10, காலை 7:48

அண்ணா, நான் டர்பனில் கடல் உயிரியல் படிக்கிறேன். ஊர் தூத்துக்குடி, அப்பாவுக்கு நாட்டுப்படகு. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பாடம் மட்டுமல்ல, வீட்டு விஷயமும்கூட.

குளிர் ரத்தத்துக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை. உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறதா இல்லையா என்பது வேறு, நரம்பு வேறு. 2003இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன், விக்டோரியா பிரெய்த்வெயிட், மைக்கேல் ஜென்டில் மூவரும் ரெயின்போ டிரவுட் மீனின் முகத்தையும் தலையையும் நரம்பு நரம்பாக ஆராய்ந்தார்கள். 58 உணரிகளைச் சோதித்ததில் 22, காயம் ஏற்படும் அளவுக்கான அழுத்தத்தை அறிகிற ஊறு உணரிகள். அவற்றில் பெரும்பாலானவை சூட்டுக்கும் அமிலத்துக்கும்கூட எதிர்வினை காட்டின. நாம் முள் மாட்டுகிற அதே வாய்ப் பகுதியில்தான் இவை நிறைய இருக்கின்றன.

பிறகு உதட்டில் சில மீன்களுக்குத் தேனீ விஷமும், சிலவற்றுக்கு அசெட்டிக் அமிலமும், சிலவற்றுக்கு வெறும் உப்புநீரும் ஊசியில் போட்டார்கள். உப்புநீர் போட்டவை ஏறக்குறைய 80 நிமிடத்தில் இரை எடுத்தன. விஷமும் அமிலமும் போட்டவை கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இரை பக்கமே போகவில்லை. தொட்டியின் அடியில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடின. அமிலம் போட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. மார்ஃபின் கொடுத்தபோது இந்தத் தேய்ப்பும் ஆட்டமும் வெகுவாகக் குறைந்தன.

முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். பல்வலி வந்தால் அப்பா கன்னத்தைச் சுவரில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்பது ஞாபகம் வந்தது.

கேப்_மயக்கமருந்து | ஆகஸ்ட் 10, மதியம் 1:20

நான் கேப் டவுனில் மயக்கமருந்து மருத்துவர். வலி என்ற சொல்லை எல்லாரும் அவசரப்பட்டுப் பயன்படுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கிற ஒருவரின் தோலில் கத்தி பட்டவுடன் இதயத் துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் ஏறும். மருந்து சற்றுக் குறைந்தால் கைகூட விலகும். அவர் விழித்த பிறகு கேட்டால், எதுவுமே தெரியாது என்பார். காயத்தை நரம்பு அறிந்தது, உடம்பு பதில் சொன்னது, ஆனால் வலித்த ஆள் அங்கே இல்லை. இதை நான் வாரத்துக்கு இருபது தடவை பார்க்கிறேன். ஆகவே மீன் துள்ளுகிறது, வளைகிறது என்பது மட்டும் சாட்சியாகாது.

அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் ரோஸ் 2002இல் இதைத்தான் வாதிட்டார். வலியை உணர்வதற்குப் பெருமூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு வேண்டும், மீனுக்கு அது இல்லை என்றார். மந்தமான, நீடித்த வலியைக் கொண்டுபோகிற சி வகை நரம்பிழைகள் டிரவுட்டின் முக நரம்பில் சுமார் 4 சதவீதம்தான். பாலூட்டிகளின் நரம்புகளில் அவைதான் பெரும்பங்கு. இன்னொன்றும் யோசியுங்கள். உதடு முழுக்கத் தேனீ விஷம் ஏறிய ஒரு மனிதன் மூன்று மணி நேரத்தில் சாப்பிட உட்காருவானா? அந்தச் சோதனை எதிர்ப்பக்கத்துக்கும் சாட்சி சொல்கிறது.

லகூன்_கரை, உங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். இல்லாத ஒரு துன்பத்துக்காக நீங்கள் தூக்கம் கெடுக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

தூத்துக்குடி_மாணவி | ஆகஸ்ட் 10, மாலை 6:31

டாக்டர், கை விலகுவது அனிச்சை என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்னது துள்ளலை அல்ல. அனிச்சைச் செயல் கண நேரத்தில் முடிந்துவிடும். பசித்த மீன் மூன்று மணி நேரம் இரையை மறுப்பதும், புண்ணைத் தேடிப்போய்க் கல்லில் தேய்ப்பதும் அனிச்சை ஆகுமா?

வரிக்குதிரை மீனில் ஒரு சோதனை செய்தார்கள். தொட்டியில் இரண்டு அறை. ஒன்றில் கல்லும் செடியும், இன்னொன்று வெறுமை. மீன்கள் எப்போதும் செடி அறையில்தான் இருக்கும். அமில ஊசி போட்ட பிறகு, வெறுமையான அறையின் தண்ணீரில் மட்டும் வலி மறக்கடிக்கும் மருந்தைக் கரைத்தார்கள். அமிலம் ஏறிய மீன்கள் தங்களுக்குப் பிடித்த அறையை விட்டுவிட்டு அந்த வெறும் அறைக்குப் போய் இருந்தன. உப்புநீர் போட்டவை போகவில்லை. தனக்கு வேண்டிய ஒன்றைக் கொடுத்து நிவாரணம் வாங்குகிறது. வாங்குவதற்கு ஆள் இல்லாமல் யார் விலை கொடுக்கிறார்கள்?

மூளை அமைப்பை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் பறவைக்கும் நம்மைப் போன்ற புறணி கிடையாது. கோழியை உயிரோடு உரித்தால் வலிக்காது என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

புலால்மறுத்தவன் | ஆகஸ்ட் 10, இரவு 8:15

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து எழுதுகிறேன். பதினொரு வருடமாக மீனும் தொடுவதில்லை.

அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய்
தந்நோய்போல் போற்றாக் கடை.

315ஆம் குறள். ஆராய்ச்சியில் எது நிரூபணமானால் விடுவோம் என்று காத்திருக்கிறோம்? பிறிதின் நோயைத் தன் நோய்போல் காக்காவிட்டால் அறிவு இருந்து என்ன பயன் என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். தூண்டிலையும் அவர் கவனித்திருக்கிறார். சூதில் வென்ற பொருள் ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்கிறார். இரை என்று நம்பி இரும்பை விழுங்குகிற மீனின் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் அந்த உவமை தோன்றும்.

நம்மவர்கள் புரட்டாசி முழுக்க மீனைத் தொடாமல் இருக்கிறோம். டர்பனில் அந்த ஒரு மாதம் மீன் கடையில் நம் முகமே தெரியாது. முப்பது நாள் முடிகிறது என்றால் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் முடியும். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன், குத்திக் காட்டுவதற்காக எழுதவில்லை.

வலைவீட்டுப்_பேரன் | ஆகஸ்ட் 10, இரவு 11:47

ரெண்டு நாளா எல்லாரும் எழுதினதைப் படிச்சேன். நானும் கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. எனக்கு எழுத்துத் தமிழ் வராது, தாத்தா பேசின தமிழ்தான்.

எங்க ஆளுங்க கரும்புக் காட்டு ஒப்பந்தம் முடிஞ்சு கடலுக்கு வந்தவங்க. 1860ல ஒப்பந்தக் கூலிங்களை முதல்ல ஏத்திட்டு ட்ரூரோ கப்பல் வந்த காலத்துக்குக் கொஞ்சம் பின்னாடியே டர்பன் விரிகுடாவுல நம்மவங்க கரைவலை இழுக்க ஆரம்பிச்சுட்டாங்க. தாத்தா சாலிஸ்பரி தீவுல பிறந்தவர். அங்கேருந்து எழுப்பிவிட்டாங்க, அப்புறம் இனவாரியா ஊரைப் பிரிச்ச சட்டம் வந்து மறுபடியும் எழுப்பிவிட்டாங்க. கடலைப் பார்த்தே இருந்த சனங்க கடல் தெரியாத இடத்துல போய்க் குடியிருந்தாங்க. ஆனாலும் ஜூன் மாசம் வந்தா தாத்தா ராத்திரி எழுந்து காத்தை மோந்து பார்ப்பார். மத்தி வருதான்னு.

மத்தி ஓட்டத்தைக் கரையில நின்னு பார்த்திருப்பீங்க. சுறா வலையெல்லாம் மேல எடுத்துடுவாங்க, கேனட் பறவைங்க வானத்துலேருந்து கல்லு மாதிரி விழும், கடல் கருப்பா ஒரு பட்டை போட்ட மாதிரி இருக்கும். படகைத் தள்ளிட்டுப் போய் வலையை வளைச்சு, கரையில இருபது முப்பது பேர் கயித்தைப் பிடிச்சு இழுப்போம். வலை மணல்ல ஏறினதும் ஒரு சத்தம் வரும். ஆயிரக்கணக்கான மத்தி ஒண்ணா வாலை அடிக்கிற சத்தம், தகரக் கூரையில மழை விழற மாதிரி. குழந்தை குட்டியெல்லாம் வாளியோட ஓடிவரும். பாவாடையில அள்ளிக்கிட்டுப் போற பாட்டிங்க உண்டு. எனக்கு அது திருவிழா. சின்ன வயசுலேருந்து அந்தச் சத்தம்னா உடம்பு சிலிர்க்கும்.

இப்போ தங்கச்சி எழுதினதைப் படிச்சதுக்கப்புறம் அந்தச் சத்தம் என்னன்னு யோசிக்கிறேன். அது மூச்சு கிடைக்காம அடிச்சுக்கிற சத்தம். கூடையில போட்டப்புறமும் ரொம்ப நேரம் கேட்கும். தெரியாம இல்ல, எப்பவும் தெரியும். பெயர் வெச்சுப் பார்த்ததில்ல, அவ்வளவுதான்.

ஆனா ஒண்ணு கேக்குறேன். அண்ணனோட ஒரு காரிக் செத்ததுக்கு இத்தனை பேர் வருத்தப்படுறீங்க. சரிதான். ஆனா வலையில சாவுற மத்தியைப் பத்தி ஒருத்தரும் எழுதல. டப்பா மீன் குழம்பு வைக்காத வீடு நம்மில உண்டா? அந்த டப்பாவுக்குள்ள இருக்கிறது எப்படிச் செத்துச்சுன்னு யோசிச்சீங்களா? தடியும் கையுமா பாறையில நிக்கிற ஏழை கண்ணுக்குத் தெரியறான், அதனால அவன்கிட்ட கேள்வி கேக்குறோம். பெரிய கப்பல் தெரியறதில்ல. சட்டம்கூட அப்படித்தான் வந்து நிக்குது. நாலு ஷாட்டுக்கு மேல வெச்சிருந்தா எங்களைப் பிடிப்பாங்க. முப்பது சென்டிமீட்டருக்குக் கீழே ஒரு விரல் குறைஞ்சாலும் அபராதம். அது மீன் பெருகணும்னு போட்ட விதி, அதை நான் தப்புன்னு சொல்லல. அக்டோபர், நவம்பர் ரெண்டு மாசம் ஷாட்டைத் தொடக்கூடாதுன்னு விதி வந்ததாலதான் இன்னிக்கு ஷாட் இருக்குன்னு எங்க அப்பாவே சொல்லுவார். ஆனா மீனோட வேதனைன்னு பேச ஆரம்பிச்சா எல்லார்கிட்டேயும் பேசுங்க.

இன்னொண்ணு. எங்க அப்பா ஷாட் பிடிச்சா, முள்ளைக் கழட்டுறதுக்கு முன்னாடியே கழுத்தைப் பின்னுக்கு முறிச்சு ரத்தத்தை வடிய விடுவார். உடனே செய்யலேன்னா சதை குழைஞ்சு போகும், குழம்புல கரையும்னு சொல்லுவார். ருசிக்காகத்தான். ஆனா இப்போ நினைச்சா, எங்க வீட்டு ஷாட் ஒரு நொடியில செத்துச்சு. பரிசு வாங்கின மீன் கால்மணி நேரம் செத்துச்சு.

லகூன்_கரை | ஆகஸ்ட் 11, காலை 5:50

தம்பி, கடைசி இரண்டு வரியை நாலு தடவை படித்தேன். நீங்கள் சொல்வது சரி.

மூயி_நதி | ஆகஸ்ட் 11, காலை 10:22

நான் டர்பனுக்கு உள்ளே தள்ளி மிட்லேண்ட்ஸ் பக்கம், ஈ மாதிரிக் கட்டிய போலி இரையை வீசி டிரவுட் பிடிக்கிறவன். எதிர்க்கூர் நறுக்கிய முள்தான் பயன்படுத்துகிறேன், மீனைத் தண்ணீரைவிட்டு எடுப்பதே இல்லை. ஒழுங்காக விட்டால் பெரும்பாலும் பிழைக்கிறது. எல்லா விடுவிப்பையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

வலித்திருந்தால் அதே மீன் அடுத்த வாரமே ஏன் மறுபடி கடிக்கிறது? அடையாளத்துண்டு குத்திய மீன்கள் திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றனவே. 1984இலிருந்து டர்பன் கடலாய்வு நிறுவனம் நடத்துகிற திட்டமே அதை நம்பித்தானே இருக்கிறது?

தூத்துக்குடி_மாணவி | ஆகஸ்ட் 11, மதியம் 12:40

மூயி_நதி அண்ணா, சில மீன்கள் திரும்பக் கடிக்கும், உண்மை. பசி பெரியது. ஆனால் 1970லேயே நெதர்லாந்தில் பேகேமா என்பவர் குளத்துக் கெண்டைகளில் பார்த்திருக்கிறார். ஒரு தடவை முள்ளில் மாட்டிய கெண்டைகளை மறுபடி பிடிப்பது வெகு கடினமாக இருந்தது, அந்த எச்சரிக்கை நெடுநாள் நீடித்தது. உலோகத்தில் செய்த போலி இரையில் மாட்டிய பைக் மீன்களும் அப்படியே. உங்கள் கேள்வியையே திருப்பிக் கேட்கலாம். ஒன்றுமே வலிக்கவில்லை என்றால் ஏன் ஒதுங்குகின்றன?

மற்றபடி நீங்கள் தண்ணீரைவிட்டு எடுக்காதது மிகச் சரியான பழக்கம். 1992இல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் இருவரும் டிரவுட்டைக் களைக்கும்வரை ஓடவிட்டார்கள். காற்றில் எடுக்காமலே விட்டவற்றில் 12 சதவீதம் செத்தன. 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம். 60 விநாடி வைத்தவற்றில் 72 சதவீதம். அது தொட்டியில் வைத்துச் செய்த கடுமையான சோதனை, கடலில் எல்லா மீனுக்கும் இதே எண் வராது. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் விடுவித்த மீன்களில் சராசரி 18 சதவீதம் சாவதாகச் சொல்கிறார்கள். இனத்துக்கு இனம், ஆழத்துக்கு ஆழம் மாறும்.

லகூன்_கரை அண்ணா, நீங்கள் இரண்டு படம் எடுத்த நேரத்தை நினைத்துப் பார்க்கிறீர்கள் என்று தெரியும். இதை உங்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதினேன். மறைத்தால் நான் படித்த படிப்புக்கு அர்த்தமில்லை.

சாட்ஸ்வொர்த்_அவ்வா | ஆகஸ்ட் 11, மாலை 4:05

என் பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்லச் சொல்ல.

தம்பி, எனக்கு எழுபத்தெட்டு வயது. அறுபது வருடமாக மீன் அரிகிறேன். நண்டு வாங்கி வந்தால் உயிரோடு கொதிக்கிற சட்டியில் போடுவதுதான் வழக்கம். என் மாமியார் அப்படிச் செய்ய விடமாட்டார். நண்டை முதலில் ஐஸில் புதைத்துவைத்து, அசைவு நின்ற பிறகு நடுவில் ஒரே போடாகக் கத்தியை இறக்கச் சொல்வார். ‘அது நம்ம வயித்துக்கு வருது, அழ வெச்சு அனுப்பாதே’ என்பார். அவருக்குக் கையெழுத்துக்கூட போடத் தெரியாது. நரம்பு, மூளை ஒன்றும் தெரியாது. நண்டு சட்டிக்குள் பிறாண்டுகிற சத்தத்தை ஒரு தடவை கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

அதிபத்தர் கதை கோவிலில் கேட்டிருப்பீர்கள். நாகப்பட்டினத்து மீனவர். தினமும் பிடிக்கிற முதல் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விடுவார். பஞ்ச காலத்தில் ஒரே ஒரு மீன் கிடைத்த நாளிலும் விட்டார். பொன்மீன் கிடைத்தபோதும் விட்டார். மீன் பிடிக்கிறதை விடு என்று சாமி அவரிடம் சொல்லவில்லை. அறுபத்து மூவரில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறோம். புலால் மறுத்த தம்பி சொல்கிறதும் உயர்ந்த வழி, நான் மறுக்கவில்லை. ஆனால் மீன் பிடிக்கிறவனுக்கும் அவன் கையிலேயே ஒரு வழி இருக்கிறது.

அதிபத்தர் விட்ட மீனை யாருக்கும் தூக்கிக் காட்டவில்லை, தம்பி.

மூயி_நதி | ஆகஸ்ட் 11, மாலை 7:16

அம்மா, வணங்குகிறேன்.

சட்டம்_படித்தவள் | ஆகஸ்ட் 12, காலை 9:30

சட்டத்தில் மீன் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். நம் தென்னாப்பிரிக்க விலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1962இல் வந்த 71ஆம் எண் சட்டம். அதில் ‘விலங்கு’ என்றால் எவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. குதிரை, மாடு, ஆடு, பன்றி, கோழி, தீக்கோழி, நாய், பூனை, மற்ற வளர்ப்பு விலங்குகள், மனிதன் பிடியில் இருக்கிற காட்டு விலங்கு, பறவை, ஊர்வன. மீன் என்ற சொல் அதில் இல்லை. மீன் பற்றிப் பேசுவது 1998இன் கடல்வாழ் வளச் சட்டம். பெயரே சொல்கிறது, அங்கே அது வளம்: அளவு, எண்ணிக்கை, பருவம். கோழியைக் கொடுமைப்படுத்தினால் இங்கே குற்றம், ஷாட்டைக் கொடுமைப்படுத்துவதற்கு ஒரு பிரிவும் கிடையாது.

சுவிட்சர்லாந்தில் நேர்மாறு. அங்கே 2008இல் வந்த விதிகளின்படி, திரும்ப விட்டுவிடும் எண்ணத்தோடு மீன்பிடிப்பதே தடை. தின்பதற்குப் பிடி, பிடித்ததை உடனே முறையாகக் கொல். ஜெர்மனியிலும் தகுந்த காரணம் இல்லாமல் முதுகெலும்புள்ள உயிரைக் கொல்லவோ நீண்ட வேதனைக்கு உள்ளாக்கவோ கூடாது. வெறும் பொழுதுபோக்கைத் தகுந்த காரணமாக அங்கே பொதுவாக ஏற்பதில்லை.

நாம் இங்கே உயர்வாக நினைக்கிற ‘பிடித்து விடுதல்’ அங்கே குற்றம். நாம் கொடுமை என்று நினைக்கிற ‘பிடித்துக் கொல்லுதல்’ அங்கே ஒழுங்கு. லகூன்_கரை கேட்ட இரண்டாவது கேள்விக்கு இரண்டு நாடுகளே பதில் எழுதி வைத்திருக்கின்றன. என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

கேப்_மயக்கமருந்து | ஆகஸ்ட் 12, இரவு 10:55

இரண்டு நாள் யோசித்தேன். மாணவி சொன்ன அந்த இரண்டு அறைச் சோதனையை முழுதாகப் படித்தேன். மீனுக்கு நம்மைப் போலவே வலிக்கிறது என்று இன்னும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் என் துறையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருப்பது நேர்மை ஆகாது.

1980கள் வரை உலகின் நல்ல நல்ல மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்குப் போதிய வலிமருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை செய்தார்கள். அசையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள், வலிக்கு மிகக் கொஞ்சம். காரணம் என்ன தெரியுமா? குழந்தையின் மூளைப் புறணி இன்னும் முதிரவில்லை, அது அழுவது வெறும் அனிச்சை என்று பாடத்தில் இருந்தது. நான் முதல் பதிவில் எழுதிய அதே வாக்கியங்கள். 1987இல் கன்வல்ஜீத் ஆனந்தும் அவர் குழுவும் குறைமாதக் குழந்தைகளில் காட்டினார்கள்: அறுவையின்போது சரியான வலிமருந்து கொடுத்த குழந்தைகளின் உடலில் அதிர்ச்சிச் சுரப்புகள் வெகுவாகக் குறைந்தன, பின்விளைவுகளும் குறைந்தன. அதற்குப் பிறகுதான் வழக்கம் மாறியது. எனக்குப் பாடம் நடத்திய மூத்த மருத்துவர்களில் சிலர் பழைய முறையில் செய்தவர்கள். அவர்கள் கொடியவர்கள் அல்ல. ‘நிரூபணமாகவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று படித்துவிட்டார்கள்.

2024இல் நியூயார்க்கில் பல அறிவியலாளர்களும் மெய்யியலாளர்களும் கையெழுத்திட்ட அறிக்கை, மீன் உட்பட முதுகெலும்புள்ள எல்லா உயிர்களுக்கும் உணர்வு இருப்பதற்கு உண்மையான சாத்தியம் உண்டு என்று மட்டும் சொல்கிறது. உறுதி என்று சொல்லவில்லை. எனக்கு அந்த அளவு போதும். என் தொழிலில் சந்தேகம் வந்தால் மருந்து கொடுப்போம், நோயாளி நிரூபிக்கட்டும் என்று காத்திருக்க மாட்டோம்.

லகூன்_கரை, உங்கள் வருத்தம் வீண் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

புலால்மறுத்தவன் | ஆகஸ்ட் 13, காலை 6:20

டாக்டர், இதை எழுத மனம் வேண்டும். நன்றி. அதிபத்தரை மறந்துபோய் எழுதிவிட்டேன் அவ்வா, அதையும் யோசிக்கிறேன். ஆனாலும் நான் திரும்பவும் கேட்பேன். ஒரு நொடியில் கொன்றாலும் அதற்கு முன் முள்ளில் இழுபட்ட நிமிடங்கள் இருக்கின்றனவே?

தூத்துக்குடி_மாணவி | ஆகஸ்ட் 13, காலை 8:02

இருக்கின்றன. அதை யாராலும் துடைக்க முடியாது. உலகம் முழுதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் கோடியிலிருந்து இரண்டு லட்சம் கோடி மீன்கள்வரை கடலிலிருந்து பிடிபடுவதாக மதிப்பிடுகிறார்கள். பேரன் அண்ணா சொன்னது போல் பெரும்பாலும் வலையில் மூச்சடைத்தோ நசுங்கியோ சாகின்றன. என் அப்பாவின் படகிலும் அப்படித்தான். போன விடுமுறையில் அவரிடம் பேசினேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் பெரிய பாறை மீன்களை மட்டும் ஏறினவுடன் மண்டையில் தட்டிவிட்டுச் செவுளை அறுத்தார். ஐஸில் வைத்தபோது வியாபாரி நல்ல விலை கொடுத்தார். நெத்திலிக்கும் சாளைக்கும் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தூண்டில் போடுகிறவர்களுக்கு மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இது. வட்ட முள் போட்டால் பெரும்பாலும் உதட்டோரத்தில் மாட்டும், தொண்டைக்குள் போவது குறையும். விழுங்கிவிட்டால் பிடுங்காதீர்கள், வாயருகே தூண்டில் நரம்பை அறுத்துவிடுங்கள், பிழைக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த கையால் தொட்டால் மேல்வழுவழுப்பு போய்விடும். கனமான தடியும் தடித்த நரம்பும் வைத்து விரைவாக இழுத்துவிடுங்கள். மெல்லிய நரம்பில் அரைமணி நேரம் போராட்டம் நடத்துவதைத்தான் போட்டிகளில் திறமை என்கிறோம், மீனைக் களைத்துச் சாகடிப்பது அதுதான்.

லகூன்_கரை | ஆகஸ்ட் 18, இரவு 8:44

போட்டிக் குழுவுக்கு எழுதிவிட்டேன், இனி வரமாட்டேன் என்று. பரிசாகக் கொடுத்த சுருள்சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். காரணம் கேட்டார்கள், சொன்னேன். ஒருவர் கோபித்துக்கொண்டார். இன்னொருவர் தனியாக வந்து, தனக்கும் இரண்டு மீன் அப்படி மிதந்ததைப் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

இன்று காலை தனியாகப் போனேன். மூன்று ஷாட். முதல் இரண்டும் நல்ல அளவு, 38ம் 41ம். கழுத்தை முறிக்க முயன்றேன். முதல் மீனில் கை நடுங்கிச் சரியாக வரவில்லை, இரண்டாவது தடவைதான் முறிந்தது. வீட்டுக்கு இரண்டு போதும். இரையை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். கோர்த்த இரை ஒன்று மிச்சம் இருக்கிறதே என்று மறுபடி வீசினேன். 27 சென்டிமீட்டர் மாட்டியது. சாதாரண முள், நன்றாக விழுங்கியிருந்தது. அளவு குறைவு, வைத்துக்கொள்ள முடியாது. தூண்டில் நரம்பை அறுத்தேன், கையை நனைத்து, தண்ணீருக்குள்ளேயே பிடித்திருந்து விட்டேன். போய்விட்டது. ஒன்றரை மணி நேரம் அங்கேயே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிதக்கவில்லை. ஆற்றோட்டம் அந்த நேரத்தில் கடலை நோக்கி இருந்தது, அதனால் எனக்கு எதுவும் தெரியாது.

இரண்டோடு நிறுத்தாததுதான் என் பிழை.

சாட்ஸ்வொர்த்_அவ்வா | ஆகஸ்ட் 18, இரவு 9:10

இரண்டையும் இன்றே குழம்பு வைத்துவிடு தம்பி, ஷாட் நாளைக்கு நிற்காது. தலையை எறியாதே.

வலைவீட்டுப்_பேரன் | ஆகஸ்ட் 18, இரவு 9:37

அண்ணா, கழுத்து முறிக்கிறதுக்கு ஒரு பிடி இருக்கு. கட்டைவிரலைத் தலைக்குப் பின்னாடி முதுகுல வெச்சு, மத்த விரலைத் தாடைக்குக் கீழே கொடுத்து, ஒரே இழுப்புல பின்னுக்கு. பாதியில நிறுத்தக்கூடாது. எழுத்துல சொன்னா வராது. புரட்டாசி தொடங்க இன்னும் நாலு ஞாயிறு இருக்கு. வர்ற ஞாயிறு காலை அஞ்சு மணிக்கு வாங்க, காட்டுறேன். கையுறை எடுத்துட்டு வாங்க, ஷாட் பல்லு பொல்லாதது. வட்ட முள் என்கிட்ட ஒரு டப்பா இருக்கு, பாதி தர்றேன்.